பேட்டன்ட்டுக்கு முந்திய காகிதங்கள்: அமெரிக்க எல்லைப்புற நிலப் பதிவுகளில் குடும்பத்தைத் தேடுவது

1785 மே 7. கென்டக்கி அன்றைக்குத் தனி மாநிலம் இல்லை, வர்ஜீனியாவின் மேற்குக் கோடி. அங்கே ஜெஃபர்சன் கவுண்ட்டியில் (கவுண்ட்டி நம் மாவட்டம் மாதிரி), லாங் ரன் என்ற ஓடையோரம் ஒரு நிலத்தை அளக்கிறார்கள். ஓடைக்கரையில் நிற்கும் ஒரு சர்க்கரை மேப்பிள் மரம்தான் தொடக்கம். அங்கிருந்து கிழக்கே 300 கோல் (ஒரு கோல் 16½ அடி) போனால் ஒரு பாப்லரும் ஒரு சர்க்கரை மேப்பிளும். வடக்கே 213⅓ கோல், ஒரு பீச், ஒரு டாக்வுட். மேற்கே 300 கோல், வெள்ளை ஓக், ஹிக்கரி. தெற்கே 213⅓ கோல் நடந்தால் புறப்பட்ட மரத்துக்கே வந்துவிடலாம். பரப்பு 400 ஏக்கர். யாருக்காக அளந்தது என்ற இடத்தில் ‘ஆபிரகாம் லிங்க்ஹார்ன்’ என்று எழுதியிருக்கிறது. அடியில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தவர்களின் பெயர்கள்: ஹனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். எல்லை மரங்களில் அடையாளம் வெட்டியவர் மறுபடி ஆபிரகாம் லிங்க்ஹார்ன்.

அமெரிக்காவின் 16-வது அதிபர் ஆபிரகாம் லிங்கனுடைய தாத்தாவின் சர்வே இது; அவர் பெயரும் ஆபிரகாம்தான். ‘லிங்கன்’ என்று மட்டும் அட்டவணையில் தேடுகிறவர் கையில் இது சிக்காது. ஆனால் அதே தாளில், நாலு வரி தள்ளி, இரண்டு பேர் லிங்கன் என்ற எழுத்திலேயே நிற்கிறார்கள். எல்லைப்புற நிலப் பதிவுகளில் முன்னோரைத் தேடும் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஒரு தாள் போதும். பலரும் தேடி ஓடுவது கடைசியில் அரசு கொடுத்த பேட்டன்ட்டை, அதாவது முதல் பட்டாவை. அழகான கையெழுத்து, ஆளுநர் அல்லது அதிபர் பெயர், சட்டம்போட்டு மாட்டிவைக்கலாம். ஆனால் குடும்பத்தைப் பற்றி அதில் கிடைப்பது குறைவு. உறவுகள், அக்கம்பக்கத்தார், கைமாற்றங்கள், சண்டைகள் எல்லாம் அதற்கு முந்திய காகிதங்களில் கிடக்கின்றன.

எந்த மாநிலம் என்பதே முதல் கேள்வி

அமெரிக்காவில் நிலத்தை முதன்முதலில் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்து மாநிலங்கள் இரண்டு வகை. ஆதிப் 13 குடியேற்றங்கள், அவற்றோடு வெர்மான்ட், மெய்ன், கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா, டெக்சஸ், ஹவாய் ஆகிய 20-ல் மாநிலம் அல்லது அதற்கு முந்திய ஆட்சிதான் நிலம் கொடுத்தது. பதிவுகளும் அந்தந்த மாநில ஆவணக் காப்பகத்திலோ நில அலுவலகத்திலோ இருக்கும். மீதி 30 மாநிலங்களில் கொடுத்தது மத்திய அரசு. வாஷிங்டனில் 1812-ல் தொடங்கிய பொது நில அலுவலகம் அதை நிர்வகித்தது. 1946 முதல் நில மேலாண்மைப் பணியகம் அந்தப் பொறுப்பை வைத்திருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் தேடினால் நாள்கணக்கில் வீணாகும். கென்டக்கி மூதாதையரை மத்திய அரசின் இணையதளத்தில் தேடிவிட்டு ‘பதிவே இல்லை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. அங்கே இருக்கவே இருக்காது. விதிவிலக்குகளும் உண்டு. ஒஹாயோ மத்திய அரசு மாநிலம். ஆனால் சையோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியை வர்ஜீனியா தன் புரட்சிப் போர் வீரர்களுக்கு ஒதுக்கியிருந்தது. அங்கே அளவை வர்ஜீனியா பாணியில் மரமும் ஓடையுமாக இருக்கும். கென்டக்கி அதற்கு நேர்மாறு. டென்னசி ஆற்றுக்கு மேற்கே சிக்கசா மக்களிடமிருந்து 1818 ஒப்பந்தத்தில் வாங்கிய மூலை மட்டும் சதுரக் கட்டங்களாக அளக்கப்பட்டது.

பழங்குடிகளோடு செய்த ஒப்பந்தங்களின் தேதிகளைக் கையோடு வைத்திருப்பது வரலாற்று நேர்மைக்காக மட்டும் அல்ல. அந்த நிலங்கள் எல்லாமே ஷானி, செரோக்கி, சிக்கசா போன்றோர் வாழ்ந்த, வேட்டையாடிய நிலங்கள். பல ஒப்பந்தங்கள் மிரட்டலிலும் போரிலும் பிறந்தவை. தேடுகிறவருக்கு அந்தத் தேதி ஒரு கீழ்வரம்பு: அதற்கு முன் ஒரு குடும்பம் அங்கே சட்டப்படி குடியேறியிருக்க முடியாது. ஆனால் காகிதத்தில் உரிமை வாங்கியிருக்கலாம். வட கரோலினா 1783-84-ல் சிக்கசா நிலத்துக்கே வாரண்ட், அதாவது நிலம் அளந்துகொள்ளும் அனுமதிச் சீட்டு, விற்றது. வாங்கியவர்கள் 1818 வரை அதில் கால் வைக்க முடியவில்லை. ‘1784-ல் தாத்தா மேற்கு டென்னசியில் குடியேறினார்’ என்று எழுதப்பட்ட குடும்ப வரலாற்றைக் கண்டால், அந்த ஒரு வரியை உடனே சந்தேகிக்கலாம்.

நான்கு காகிதங்கள்

வர்ஜீனியாவின் 1779 நிலச் சட்டப்படி, கென்டக்கியில் ஒரு நிலம் நான்கு படி தாண்டி வர வேண்டும். வட கரோலினா, பென்சில்வேனியா முறைகள் பெயரிலும் வரிசையிலும் கொஞ்சம் மாறும்; தர்க்கம் ஒன்றுதான்.

முதலில் வாரண்ட். கைது வாரண்ட் அல்ல. இத்தனை ஏக்கர் அளந்துகொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு. எந்த இடம் என்று அதில் இராது. பணம் கொடுத்து வாங்குவது டிரெஷரி வாரண்ட். தொடக்க விலை 100 ஏக்கருக்கு 40 பவுண்டு. லாங் ரன் நிலத்துக்கான வாரண்ட்டின் எண் 3334. 400 ஏக்கருக்கு 160 பவுண்டு கட்டி 1780-ல் வாங்கியது. படையில் இருந்தவர்களுக்கு ராணுவ வாரண்ட். பிரெஞ்சு-இந்தியப் போருக்கு 1763 அரசப் பிரகடனம் வைத்த அளவு: சிப்பாய்க்கு 50 ஏக்கர், கேப்டனுக்கு 3,000, அதற்கு மேற்பட்ட கள அதிகாரிக்கு 5,000. 1778 ஜனவரி 1-க்கு முன்பே கென்டக்கியில் குடியிருந்ததாக அல்லது சோளம் விளைவித்ததாக நிரூபித்தவருக்கு 400 ஏக்கர் குடியேற்றச் சான்று. ஒட்டினாற்போல் இன்னும் 1,000 ஏக்கரை முன்னுரிமையில் வாங்கும் உரிமையும் உண்டு. 1779-80 குளிர்காலத்தில் ஒரு கமிஷன் கோட்டை கோட்டையாகப் போய் இந்தச் சாட்சியங்களைக் கேட்டது. ஒருவர் எந்த ஆண்டு வந்தார், எந்த ஓடையில் குடிசை போட்டார் என்பதற்கு இந்தக் கமிஷன் பதிவைவிட நல்ல ஆதாரம் அபூர்வம்.

இரண்டாவது என்ட்ரி. வாரண்ட்டை எடுத்துக்கொண்டு கவுண்ட்டி சர்வேயரிடம் போய், இன்ன ஓடையில், இன்னார் நிலத்துக்கு மேற்கே எனக்கு இத்தனை ஏக்கர் என்று குறித்துவைப்பது. வட கரோலினாவில் வரிசை புரண்டிருக்கும்: முதலில் என்ட்ரி, பிறகு வாரண்ட். அங்கே 1777 சட்டம் குடும்பத் தலைவருக்கு 640 ஏக்கரும், மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தலா 100 ஏக்கரும் மலிவு விலையில் அனுமதித்தது. ஆகவே 640-க்கு மேல் நூறு நூறாக ஏறும் எண்ணிக்கையைக் கண்டால் வீட்டில் எத்தனை பேர் என்ற ஊகத்துக்கு இடம் உண்டு. அது ஊகம் மட்டுமே.

மூன்றாவது சர்வே. இதில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். நான்காவது கிரான்ட் அல்லது பேட்டன்ட். கென்டக்கி 1792 ஜூன் 1-ல் தனி மாநிலமானதற்கு முன் முடிந்தவற்றில் வர்ஜீனியா ஆளுநர் பெயரும், பின் முடிந்தவற்றில் கென்டக்கி ஆளுநர் பெயரும் இருக்கும். கென்டக்கி மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிலப் பிரிவு ஃப்ராங்க்ஃபர்ட்டில் இவற்றை வைத்திருக்கிறது. பெரும்பகுதிக்குப் படப் பிரதி இணையத்தில் இலவசம். வர்ஜீனியா நூலகமும் தன் பக்கப் பதிவுகளை அப்படியே வெளியிட்டிருக்கிறது.

எந்தப் படியிலும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்படி வாங்கியவர் அசைனி. வாரண்ட்டின் முதுகில் இரண்டு வரி, ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆகவே பேட்டன்ட்டில் இருக்கும் பெயரை வைத்து ‘இவர் புரட்சிப் போரில் சண்டையிட்டார்’ என்று சொல்லிவிட முடியாது. சிப்பாய் தன் சீட்டைச் சில டாலருக்கு விற்றிருப்பார். பேட்டன்ட் தரகர் பெயரில் வந்திருக்கும். திருப்பிப் பார்த்தாலும் இதே கதைதான்: உங்கள் முன்னோர் வாரண்ட்டின் முதுகில் மட்டும் இருப்பார், பேட்டன்ட் அட்டவணையில் அவர் பெயரே வராது. கோப்பு முழுவதையும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு பொறி காலம். வாரண்ட்டுக்கும் பேட்டன்ட்டுக்கும் இடையே ஐந்து, பத்து, இருபது ஆண்டு ஓடியிருக்கும். அதற்குள் ஆள் செத்துப்போய், பேட்டன்ட் இறந்தவர் பெயருக்கே வந்ததும் உண்டு. பேட்டன்ட் தேதியில் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதக் கூடாது. நேரில் நின்றதற்குச் சர்வே தாள் நல்ல சாட்சி, அதுவும் அவரே சங்கிலி பிடித்தோ மரம் வெட்டியோ இருந்தால்.

சங்கிலி பிடித்தவர்கள்

சர்வேயர் கூலிக்கு ஆள் தேடி அலைய மாட்டார். நிலம் யாருக்கோ அவர்தான் ஆள் கொண்டுவர வேண்டும். சங்கிலியின் இரு முனைக்கும் இருவர், மரத்தில் வெட்ட ஒருவர், சில நேரம் வழிகாட்ட ஒருவர். அண்ணன் தம்பி, மகன், மச்சான், பக்கத்து நிலத்துக்காரர் என்றுதான் அமையும். தாளின் அடியில் சி.சி. என்று சுருக்கியிருப்பது செயின் கேரியர்களை.

இங்கே நிதானம் தேவை. ஆபிரகாமுக்கு ஜோசையா என்று ஒரு மகன் உண்டு. ஆனால் 1785-ல் அவன் சின்னப் பையன். தாளில் உள்ள ஜோசையா அந்த மகன்தானா, அதே பெயருள்ள வேறு உறவினரா என்று இந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லிங்கன் குடும்பத்தில் ஆபிரகாம், மார்டக்காய், ஜோசையா, தாமஸ் என்ற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வருகின்றன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள நமக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. சங்கிலிக்காரர் பெயர் ஒரு துப்பு. அந்த ஆளின் சொந்த சர்வேக்களில் யார் சங்கிலி பிடித்தார்கள் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து சர்வேக்களில் அதே ஐந்தாறு பேர் மாறி மாறி வந்தால், அது ஒன்றாகக் கிளம்பி வந்த கூட்டம். அவர்கள் முன்பு எந்த ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள் என்று தேடினால், முன்னோர் புறப்பட்ட கவுண்ட்டி பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அளவுகளைப் படிக்கவும் பழக வேண்டும். நாம் கோல் என்று எழுதியது அவர்கள் ‘போல்’ என்பது, 16½ அடி. நான்கு கோல் ஒரு செயின், 66 அடி. 80 செயின் ஒரு மைல். பத்து சதுரச் செயின் ஒரு ஏக்கர். அதாவது ஒரு சதுரச் செயின் நம் கணக்கில் 10 சென்ட். 160 சதுரக் கோலும் ஒரு ஏக்கர். லாங் ரன் நிலத்தை இதில் போட்டுப் பார்த்தால் 300 × 213⅓ = 64,000 சதுரக் கோல்; 160-ஆல் வகுக்க, துல்லியமாக 400. இந்தச் சோதனையை எல்லா சர்வேக்கும் செய்துவிடுவது நல்லது. கணக்கு உதைத்தால், பிரதி எடுத்த குமாஸ்தா ஓர் எண்ணை மாற்றியிருப்பார் அல்லது நிலத்தின் ஒரு பக்க அளவையே விட்டிருப்பார்.

அடுத்த வேலை வரைவது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 வரைபடம் இதற்குத் தோதானது. அந்த அளவில் 300 கோல் சுமார் 6.3 செ.மீ., 213⅓ கோல் சுமார் 4.5 செ.மீ. ஒளி ஊடுருவும் தாளில் நிலத்தை வெட்டி எடுத்து, வரைபடத்தில் உள்ள ஓடையின் வளைவோடு நகர்த்தி நகர்த்திப் பொருத்த வேண்டும். லாங் ரன் மாதிரி நேர்ச் செவ்வகம் கிடைப்பது அதிர்ஷ்டம். பலவும் ‘வடக்கிலிருந்து 37 பாகை கிழக்கே 86 கோல்’ என்று பத்துப் பன்னிரண்டு முடக்கோடு இருக்கும். திசைகள் காந்த ஊசி காட்டியவை. காந்த வடக்கு இந்த இருநூறு ஆண்டில் நகர்ந்திருப்பதால், முழு உருவத்தையும் சில பாகை திருப்பினால்தான் உட்காரும். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முட்டாமல் சிறு இடைவெளி விழுந்தால் அது வழக்கமான பிழை. பெரிதாக விழுந்தால் கிழக்கு, மேற்கு எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து நிலங்களையும் வரைந்து ஒட்டிப் பார்த்தால்தான் இந்த உழைப்புக்குப் பலன். பெண் எடுத்ததும் கொடுத்ததும் பெரும்பாலும் அந்த ஒட்டு நிலங்களுக்குள்தான்.

ஓடைப் பெயர் மாறுவதையும் சொல்ல வேண்டும். லாங் ரன் சர்வேயிலேயே ‘முன்பு டைஸ் ஃபோர்க், இப்போது லாங் ரன்’ என்று இருக்கிறது. பழைய பெயரில் உள்ள என்ட்ரியையும் புதுப் பெயரில் உள்ள சர்வேயையும் இணைக்க இப்படி ஒரு வரி கிடைத்தால் புதையல்தான்.

ஒரே நிலத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள்

அரசு முதலில் அளந்து பிரிக்கவில்லை; வாங்கியவர்கள் தாங்களே இடம் தேடி அளந்துகொண்டார்கள். ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம் ஓடு வேய்ந்தாற்போல் ஏறிக்கொண்டது. டேனியல் பூன் கென்டக்கியில் பலருக்கு நிலம் தேடிக் கொடுத்தவர், துணை சர்வேயராகவும் இருந்தவர். தனக்கென்று குறித்த நிலங்களை வழக்குகளில் இழந்து, 1799-ல் ஸ்பெயின் ஆட்சியில் இருந்த மிசௌரிக்குப் போய்விட்டார்.

லிங்கன் குடும்பத்திலும் இதே கதை. தாத்தா ஆபிரகாம் 1786-ல் பழங்குடித் தாக்குதலில் கொல்லப்பட்டார். மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் என்ற வாரிசு முறையை வர்ஜீனியா 1787 தொடக்கத்தோடு கைவிட்டது. சில மாதங்கள் முந்தி இறந்ததால் எல்லாம் மூத்தவர் மார்டக்காய்க்குப் போனது. கடைக்குட்டி தாமஸுக்கு, அதாவது அதிபரின் அப்பாவுக்கு, ஒன்றும் இல்லை. இந்தத் தேதி தெரியாவிட்டால், தாமஸ் பெயரில் பாகப்பிரிவினைப் பத்திரம் ஏன் அகப்படவில்லை என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்போம். பின்னால் தாமஸ் தானே வாங்கிய மில் கிரீக் நிலம் 238 ஏக்கர். விற்கும்போது 200-தான் தேறியது. அதிபர் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை பழைய பாக்கியால் கைவிட்டுப் போனது. நாப் கிரீக்கில் வேறொருவரின் வாரிசுகள் வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். 1816-ல் குடும்பம் இண்டியானாவுக்குக் கிளம்பியது. அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் கென்டக்கியின் நில உரிமைச் சிக்கல் என்று தாமஸின் மகன் ஆபிரகாம் 1860-ல் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

குடும்பத்துக்குத் துன்பமான இந்த வழக்குகள்தான் தேடுகிறவருக்கு அள்ளித் தருகின்றன. பேட்டன்ட் கொடுக்காதே என்று தடை கேட்கும் மனுவுக்கு கேவியட் என்று பெயர். அதிலும் வெளியேற்ற வழக்குகளிலும் எழுபது வயதுக் கிழவர்கள் வந்து, இந்த மரத்தை இன்னார் இந்த ஆண்டில் வெட்டியதைப் பார்த்தேன், அப்போது எனக்கு இத்தனை வயது என்று சாட்சி சொல்லியிருப்பார்கள். வயது, பிறந்த ஊர், உறவு எல்லாம் அதில் வந்துவிடும். வாரிசுகளை எதிர்வாதியாகச் சேர்க்கும்போது மணமான மகள்களின் பெயரை கணவர் பெயரோடு எழுதியிருப்பார்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களின் பெயர்களும் இத்தகைய சொத்து வழக்குகளிலும் உயில்களிலும் பட்டியலாக வருகின்றன. கறுப்பின அமெரிக்கர்கள் பலருக்கு 1870 மக்கள்தொகைக் கணக்குக்கு முந்திய ஒரே தடம் வேறொருவரின் சொத்துக் காகிதம்தான்.

கென்டக்கிக்கு 1790, 1800 மக்கள்தொகைத் தாள்கள் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது வரிப் பட்டியல். 1792 முதல் வரும் அதன் கட்டங்களில் ஏக்கர், ஓடையின் பெயர், மண்ணின் தரம் இருக்கும். அதோடு அந்த நிலம் யார் பெயரில் என்ட்ரி, யார் பெயரில் சர்வே, யார் பெயரில் பேட்டன்ட் என்று மூன்று பத்திகள். அசைனி சங்கிலி முழுக்க ஒரே வரியில்! 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், 16 முதல் 21 வரை உள்ளவர்கள் என்ற கணக்கும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு வரிசையாகப் பார்த்தால் ஒரு மகன் 21-ஐத் தொடும் ஆண்டு தெரியும். அப்பா இறந்த ஆண்டில் அவர் பெயர் போய் விதவையின் பெயரோ ‘வாரிசுகள்’ என்ற சொல்லோ வரும்.

மனைவியின் பெயர் அரசு கொடுத்த பேட்டன்ட்டில் வராது. நிலத்தை விற்கும் பத்திரத்தில் வரும். கணவனுக்குப் பின் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் அவளுடைய உரிமையை விட்டுக்கொடுக்க, கணவன் இல்லாத இடத்தில் தனியே விசாரித்துக் கையொப்பம் வாங்கியாக வேண்டும். ஆகவே பேட்டன்ட் கிடைத்ததும் அடுத்துத் தேட வேண்டியது அந்த நிலத்தின் முதல் விற்பனைப் பத்திரம். இதே வழி தலைகீழாகவும் உதவும்: ஒருவர் நிலம் விற்றிருக்கிறார், ஆனால் வாங்கியதற்குப் பத்திரம் இல்லை என்றால், ஒன்று அரசு கொடுத்திருக்க வேண்டும், இல்லையேல் வாரிசாகவோ மனைவி வழியாகவோ வந்திருக்க வேண்டும்.

மாடு திரும்பும் வரிசை

ஒஹாயோ ஆற்றைத் தாண்டினால் முறையே வேறு. 1785 நிலக் கட்டளைப்படி அரசு முதலில் அளந்து, பிறகு விற்றது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் செக்‌ஷன் 160, அதில் கால் 40. செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி மேற்கே 6 வரை போகும், கீழிறங்கி 7 முதல் கிழக்கே திரும்பும், ஏர் மாடு சால் முடிந்து திரும்புவது போல. தென்கிழக்கு மூலையில் 36. ஒஹாயோவில் முதலில் அளந்த ஏழு வரிசைகள் மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. அங்கே 1 தென்கிழக்கு மூலையில்.

தாமஸ் லிங்கன் 1817 அக்டோபர் 15-ல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் பதிந்தது: டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் 5 மேற்கு, செக்‌ஷன் 32-ன் தென்மேற்குக் கால். பின்னாலிருந்து படிக்க வேண்டும். அளவைக்காகக் கிழக்கு-மேற்காகப் போட்ட அடிக்கோட்டிலிருந்து தெற்கே நான்காவது டவுன்ஷிப், அதாவது 18 முதல் 24 மைலுக்குள். ரேஞ்ச் என்பது டவுன்ஷிப்களின் வடக்கு-தெற்கு வரிசை: இரண்டாம் முதன்மைத் தீர்க்கரேகை என்ற வடக்கு-தெற்குக் கோட்டிலிருந்து மேற்கே ஐந்தாவது, 24 முதல் 30 மைலுக்குள். 32 என்பது கடைசி வரிசையில் மேற்கிலிருந்து இரண்டாவது கட்டம். அதன் தென்மேற்குக் கால் 160 ஏக்கர். மரமும் இல்லை, ஓடையும் இல்லை, சண்டையும் குறைவு. சங்கிலி பிடித்த உறவினர் பெயரும் இல்லை என்பதுதான் நமக்கு நஷ்டம்.

அன்று விலை ஏக்கருக்கு 2 டாலர், தவணைமுறை. 160 ஏக்கருக்கு 320 டாலர். அவர் கட்டியது அதில் கால் பங்கு, 80. மீதியைக் கட்ட முடியவில்லை. 1820 சட்டம் தவணையை ஒழித்து, விலையை 1.25 டாலராக்கி, 80 ஏக்கர் துண்டுகளாகவும் ரொக்கத்துக்கு விற்றது. 1827-ல் கிழக்குப் பாதியை அரசிடமே திருப்பிக் கொடுத்து, மேற்குப் பாதி 80 ஏக்கருக்கு பேட்டன்ட் வாங்கினார். நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் தாமஸ் பெயரில் வருவது இந்த 80 மட்டுமே. பத்து ஆண்டு முன்பே 160 ஏக்கரில் உட்கார்ந்திருந்தார் என்பதை அது சொல்லாது. இடத்திலும் கவனம் தேவை: குடும்பம் வந்தபோது அது பெர்ரி கவுண்ட்டி, 1818 முதல் ஸ்பென்சர் கவுண்ட்டி. நிலம் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது; பழைய பத்திரம் தாய்க் கவுண்ட்டியில் கிடக்கும்.

அந்தத் தளத்தில் காணும் படம், குடும்பத்துக்குக் கொடுத்த மூலம் அல்ல. அரசு புத்தகத்தில் எழுதிவைத்த நகல். 1833 வரை அதிபர்கள் மூலத்தில் தாங்களே கையொப்பமிட்டார்கள், பிறகு அவர்கள் சார்பில் செயலர். நகலில் இருப்பது குமாஸ்தாவின் கை.

ஆள் பதிந்துவிட்டுக் கைவிட்டுப் போயிருந்தால் பேட்டன்ட்டே இராது. தளத்திலும் வர மாட்டார். அப்போது பார்க்க வேண்டியது டிராக்ட் புக், செக்‌ஷன் வாரியாக யார் யார் பதிந்தார்கள், ரத்தானது எது என்று வரிசையிட்ட பேரேடு. பெயர்வாரி அட்டவணை அதற்குக் கிடையாது. நில விவரம் தெரிந்தால்தான் திறக்கும். முன்னோரின் அண்ணன் நிலமோ மாமனார் நிலமோ தெரிந்தால், அந்த டவுன்ஷிப்பின் பக்கங்களை வரிவரியாகப் படிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு பேட்டன்ட்டுக்கும் பின்னால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பு உண்டு. எதிர்பார்ப்பை வகைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். ரொக்க விற்பனைக் கோப்பில் பெரும்பாலும் ரசீது மட்டும். பணம் கொடுத்து வாங்க வேண்டுமா என்று யோசிக்கலாம். போர் மானியக் கோப்பு வேறு விதம். 1855 சட்டம் 14 நாள் சேவை செய்தவருக்கும் 160 ஏக்கர் கொடுத்ததால் விண்ணப்பித்தவர்கள் ஏராளம். விண்ணப்பத்தில் திருமண விவரம், விதவையின் வாக்குமூலம், சில நேரம் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பிறப்புப் பக்கமே இணைந்திருக்கும். ஆனால் இந்த விண்ணப்பம் சிப்பாயின் பெயரில் ஒரு கோப்பாகவும், அவரிடம் சீட்டு வாங்கியவரின் நிலம் இன்னொரு கோப்பாகவும் இருக்கும். ஒன்றைக் கேட்டால் மற்றது வராது. புரட்சிப் போர்க் காலத்து விண்ணப்பங்களைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1800 நவம்பர் 8-ல் போர்த் துறை அலுவலகம் தீப்பிடித்தது, அதற்கு முந்தியவை பெரும்பாலும் சாம்பல்.

எல்லாவற்றிலும் கனமானது 1862 ஹோம்ஸ்டெட் சட்டக் கோப்பு. 160 ஏக்கர், ஐந்தாண்டுக் குடியிருப்பு, மொத்தக் கட்டணம் 18 டாலர். இறுதிச் சான்று வாக்குமூலத்தில் வயது, குடியேறிய தேதி, வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் வரும். பக்கத்து நிலத்தார் இருவரின் சாட்சி சேர்ந்திருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் உண்டு. கணவன் நடுவில் இறந்திருந்தால் விதவை முடித்த சான்று, அவள் சொல்லிலேயே.

ஜார்ஜியாவையும் டெக்சஸையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். ஜார்ஜியா 1805 முதல் 1833 வரை நிலத்தைக் குலுக்கலில் கொடுத்தது. விதவை, அநாதை, போர்வீரர், மணமானவர் என ஒவ்வொருவருக்கும் இத்தனை சீட்டு என்று விதி இருந்ததால், பரிசு விழாதவரின் சீட்டு எண்ணிக்கைகூடக் குடும்ப நிலையைக் காட்டும். பரிசு விழுந்த கவுண்ட்டியில் அவர் வாழ்ந்தார் என்று மட்டும் எண்ண வேண்டாம். பலர் போய்ப் பார்க்காமலே விற்றார்கள். டெக்சஸில் ஸ்பானிய அளவை: 4,428 ஏக்கர் ஒரு லீக், 177 ஏக்கர் ஒரு லபோர். 1836 மார்ச் 2-க்கு முன் வந்த குடும்பத் தலைவருக்கு ஒரு லீக்கும் ஒரு லபோரும், தனியாளுக்கு மூன்றில் ஒரு லீக். பரப்பைப் பார்த்தாலே மணமானவரா என்று தெரிந்துவிடும்.

கோப்பு கேட்டு எழுதும்போது பெயரை மட்டும் அனுப்பினால் ‘காணவில்லை’ என்ற பதில்தான் வரும். மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், விற்பனை வகை, சான்றிதழ் எண், செக்‌ஷன்-டவுன்ஷிப்-ரேஞ்ச் ஆகிய ஐந்தும் பேட்டன்ட் படத்தின் மூலையிலும் உடலிலும் இருக்கின்றன. நிலக் கோப்புக்குப் படிவம் 84, போர் மானிய விண்ணப்பத்துக்குப் படிவம் 85. சான்றிதழ் எண்ணும் பேட்டன்ட் புத்தகத்தின் பக்க எண்ணும் அருகருகே இருக்கும். மாற்றி எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.